அசையாதே: எழுவாய் எது?

பெங்களூரு மருத்துவமனை ஒன்றின் கதிர்வீச்சுப் பிரிவில், சி.டி. ஸ்கேன் அறைக்கு வெளியே, டிராலியில் மல்லாந்து படுத்திருந்த பெண்ணின் காதருகே குனிந்து செவிலியர் ஒருவர் சொன்னார்: “அல்லாடபேடி, அம்மா.” அசையாதீர்கள் என்பது பொருள். படுத்திருந்தவருக்கு வயது 54. செங்கத்தை அடுத்த சிற்றூர். பொம்மனஹள்ளியில் ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்க்கும் மகளின் வீட்டுக்கு வைத்தியத்துக்காக வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. கன்னடம் தெரியாது. தமிழில் அல்லாடுவது என்றால் துன்பத்தில் கிடந்து தவிப்பது. வாங்கிய கடனுக்கும் வாராத மழைக்கும் நடுவே அல்லாடுவது. ‘தவிக்காதே’ என்று அந்தப் பெண் ஆறுதல் சொல்கிறாள் என்றே அவர் எடுத்துக்கொண்டார். நன்றியோடு தலையை ஆட்டினார். ஆட்டிய தலைக்கு இன்னொரு ‘அல்லாடபேடி’ கிடைத்தது, இம்முறை சற்று உரக்க.

ஒப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இந்த இடம் சுவையானது. கன்னட ‘பேட’வும் தமிழ் ‘வேண்டா’வும் உறவுச் சொற்கள்; தமிழில் சொல்லின் முதலில் வரும் வகரம் கன்னடத்தில் பகரமாக ஒலிப்பது இரு மொழிகளிலும் நெடுக உண்டு. ‘அல்லாடு’ இரண்டிலும் இருக்கிறது. அங்கே உடலின் ஆட்டம், இங்கே வாழ்வின் ஆட்டம். ‘பேடி’ என்ற முடிவு தமிழ்க் காதில் வசையாக விழும் என்பது உபரி. ஆனால் டிராலியில் கிடப்பவரின் உடலுக்குள் அப்போது பொருத்தப்பட்டிருந்தது எது என்று தெரிந்தால், சுவை சற்றே அடங்கும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் புதிதாகக் கண்டறியப்படுகிறது. அறுவைக்கான கட்டத்தைக் கடந்து வருவோர் அவர்களில் பலர். அவர்களுக்கு முதலில் ஏறத்தாழ ஐந்து வாரம் வெளியிலிருந்து கதிர்வீச்சு. உடன் வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் மருந்து. அதன் பின் உள்ளிருந்து கதிர்வீச்சு. இந்த இரண்டாவதற்குப் பிராக்கிதெரபி என்று பெயர். கிரேக்கத்தில் ‘பிராக்கிஸ்’ என்றால் குறுகியது; குறுந்தொலைவிலிருந்து தரும் கதிர் என்று கொள்ளலாம். தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாம் எட்டு வாரத்துக்குள் நிறைவுற வேண்டும் என்பது பொதுவான நெறி. உள்ளிருந்து தரும் பகுதியை விட்டுவிட்டால் குணமாகும் வாய்ப்பு குறைந்துபோகும்.

செயல்முறையைச் சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லாமல் மேலே பேச முடியாது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். கால்களைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தி, கருப்பைக்குள் வளைந்த மெல்லிய குழல் ஒன்றைச் செலுத்துகிறார்கள். அது டேண்டம். கருப்பை வாயின் இரு பக்கமும் அணைந்து நிற்க ஓவாய்டு எனப்படும் இரண்டு குமிழ்கள். பிறகு, குமிழ்களுக்கு முன்னும் பின்னும் காஸ் துணியை நாடாவாக மடித்து மடித்துத் திணிக்கிறார்கள். துணிக்கு இரண்டு வேலை. கருவியை இருக்கும் இடத்தில் இறுக்கிப் பிடிப்பது ஒன்று. முன்னால் உள்ள சிறுநீர்ப்பையையும் பின்னால் உள்ள மலக்குடலையும் கருவியிலிருந்து சற்றே தள்ளி நிறுத்துவது மற்றொன்று. வெளியே கச்சை போல ஒரு கட்டு. கணினியும் ஸ்கேனும் எந்திரமும் கோடிக்கணக்கில் விலைபோகும் அந்தப் பிரிவில், கருவியை இடம்பெயராமல் காப்பதில் பெரும்பங்கு திணித்த துணியுடையது.

அதற்குப் பின் தொடங்குகிறது பயணம். தூக்கிய கால்களை இறக்க வேண்டும். இறக்கும்போதே இடுப்பின் உள்ளமைப்பு சற்று மாறும். அறுவை மேசையிலிருந்து டிராலிக்கு, டிராலியிலிருந்து ஸ்கேன் மேசைக்கு, மீண்டும் டிராலிக்கு. படங்களில் கட்டியையும் சிறுநீர்ப்பையையும் குடலையும் மருத்துவர் ஒவ்வொரு துண்டுப் படமாக வரைந்து குறிக்கிறார். மருத்துவ இயற்பியலாளர் கதிரின் அளவைக் கணக்கிடுகிறார். இதற்குச் சில மணி நேரம் போகும். மரத்த இடுப்பு அதற்குள் உணர்வு பெற்றுவிடும். கணக்கு முடிந்ததும் டிராலியிலிருந்து சிகிச்சை அறையின் மேசைக்கு இன்னொரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கு பேர் விரிப்பின் நான்கு முனைகளைப் பிடித்து, “ஒந்து, எரடு, மூரு” என்று தூக்குவார்கள். அறுவை, ஸ்கேன், சிகிச்சை மூன்றையும் ஒரே அறையில் ஒரே மேசையில் முடிக்கும் இடங்களும் உண்டு. பெரும்பாலான இந்தியப் பெண்களுக்கு வாய்ப்பது நடைக்கூடமும் டிராலியும்தான்.

கதிரைத் தருவது இரிடியம்-192. அரிசிமணியைவிடச் சிறியது, நீளம் ஏறத்தாழ 3.5 மி.மீ., விட்டம் ஒரு மி.மீ.க்கும் குறைவு. மெல்லிய எஃகுக் கம்பியின் நுனியில் அமர்ந்து எந்திரத்திலிருந்து புறப்பட்டு, குழலுக்குள் நுழைந்து, கணக்கிட்ட ஒவ்வோர் இடத்திலும் சில நொடிகள் நின்று நின்று திரும்புகிறது. தொலைவு இரு மடங்கானால் கதிர் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது விதி. அந்த விதியே இம்மருத்துவத்தின் வலிமை: கட்டிக்கு மிகுதி, அப்பால் உள்ளவற்றுக்குக் குறைவு. அதுவே இடரும் ஆகிறது. புள்ளியளவான மூலம் ஒன்றிலிருந்து 2 செ.மீ. தள்ளியிருக்க வேண்டிய குடற்சுவர் 3 மி.மீ. நெருங்கிவிட்டால் அது வாங்கும் கதிர் ஏறத்தாழ 38 விழுக்காடு கூடும். அதே 3 மி.மீ. கட்டி விலகிப்போனால் 24 விழுக்காடு குறையும். நடைமுறையில் கதிர்மூலம் பல இடங்களில் நிற்பதால் வேறுபாடு இவ்வளவு கூர்மையாக இராது, திசை மாறாது. மிகை விழுந்த குடலில் மாதங்கள் கழித்துக் குருதிக் கசிவோ புரைவழியோ வரலாம். குறை விழுந்த இடத்தில் கட்டி மீளலாம். வெளிக்கதிரில் இப்படிப்பட்ட பிசகுக்கு இடம் விட்டுச் சுற்றிலும் ஓரம் சேர்த்துத் திட்டமிடுவார்கள். இங்கே அது பயன் தராது. ஓரத்தைக் கூட்டினால் எல்லாவற்றுக்குமே கதிர் கூடும். ஆகவே கருவி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தாக வேண்டும்.

‘அல்லாடபேடி’ சொல்லப்பட்டது இதற்காக.

அந்த அம்மாவுக்கு இந்த ஏவல் புதிதன்று. முந்தைய ஐந்து வாரத்தில் இருபத்தைந்து நாள் அவர் வெளிக்கதிர் எந்திரத்தின் கீழே படுத்தவர். அங்கே தோலில் மூன்று புள்ளிகள். சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள். புள்ளியும் கோடும் பொருந்தும்வரை உடலைத் தள்ளி வைப்பார்கள். பிறகு கைகாட்டிவிட்டு எல்லோரும் வெளியேறிவிடுவார்கள். அங்கே உடல் அறைக்குப் பொருந்த வேண்டும். ‘அசையாதே’ என்றால் அறையைப் பொறுத்து அசையாதே. அதை அவர் மிக நன்றாகக் கற்றுக்கொண்டார். கொசு கடித்தாலும் விரலைத் தூக்கவில்லை. “நல்ல பேஷண்ட்” என்று பெயர் வாங்கினார். மகளிடம் அதைச் சிறு பெருமையோடு சொன்னதும் உண்டு.

உள்ளிருந்து கதிர் தரும்போது அறை ஒரு பொருட்டே இல்லை. மூச்சுவிட்டால் வயிறு ஏறி இறங்கும். கருப்பையும் அதற்குள் இருக்கும் கருவியும் சேர்ந்தே ஏறி இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று விலகாதவரை கேடில்லை. தலையைத் திருப்பலாம், கையை நீட்டலாம், பேசலாம். கேடு வருவது கருவி திசுவைவிட்டு நழுவும்போது. நோயாளி கல்லாகக் கிடந்தாலும் அது நிகழலாம். விரிப்பைத் தூக்கும் நான்கு பேரில் ஒருவர் அரை நொடி முந்தினால் போதும். இடத்தை மனிதர் மொழியில் எப்படிக் குறிக்கிறார்கள் என்று ஆராய்ந்த ஸ்டீபன் லெவின்சன் மூன்று வகைச் சட்டகங்களைப் பிரித்துக் காட்டினார்: பொருளின் சொந்த அமைப்பைக் கொண்டு சொல்வது, பார்ப்பவரின் இடம்-வலம் கொண்டு சொல்வது, வடக்கு தெற்கு போன்ற நிலையான திசைகளைக் கொண்டு சொல்வது. வெளிக்கதிர் அறை மூன்றாவதைப் போன்றது. சுவரும் லேசரும் அதன் திசைகள். பிராக்கிதெரபியோ முதலாவது. இரண்டு அறைகளிலும் ஒரே ஏவற்சொல் புழங்குகிறது. எதைச் சார்ந்த அசைவு என்பதை அது சொல்வதில்லை.

இன்னொரு சொல்லும் குறுக்கே நின்றது. தமிழ் வழங்கும் ஊர்களில் கதிர்வீச்சுக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் ‘கரண்ட்’. கரண்ட் வைத்தார்கள், இருபத்தைந்து கரண்ட் முடிந்தது, இனி உள் கரண்ட் மூன்று. இந்தி பேசுவோர் பலர் ‘சிகாயி’ என்பார்கள். ஒத்தடம் என்று அதற்குப் பொருள். ஒத்தடம் என்று கேட்டவர் இதமான சூட்டை எதிர்பார்ப்பார். கரண்ட் என்று கேட்டவர் அதிர்ச்சியை. எந்திரத்திலிருந்து வரும் குழாய்களைத் தன் உடலில் நீட்டியிருக்கும் கருவியோடு இணைப்பதைப் பார்த்தபோது, அவை மின்கம்பிகள் என்றே அந்த அம்மா நினைத்தார். இரும்புக் கட்டிலைத் தொடக்கூடாது என்று தாமே முடிவு செய்து, இரு கைகளையும் மார்பின்மேல் கோத்துக்கொண்டார். பக்கத்தில் வந்த மகளையும் தொடவிடவில்லை. முதல் முறை பதினொரு நிமிடம். ஒன்றும் சுடவில்லை, அதிரவில்லை. ஆகவே தாம் சரியாகப் படுத்திருந்தோம் என்று அவர் தெரிந்துகொண்டார்.

இரண்டாம் முறை அடுத்த வாரம். கருவி பொருத்தியாயிற்று, ஸ்கேன் ஆயிற்று, திட்டமும் தயார். காலை பத்து மணிக்கு மரத்த இடுப்பு பிற்பகல் ஒன்றரைக்கு விழித்திருந்தது. சிகிச்சை மேசைக்கு மாற்றும்போது, உள்ளே எதுவோ வழுக்கிக்கொண்டு இறங்குவது அவருக்குத் தெரிந்தது. வலி பெரிதில்லை. இருந்த ஒன்று இல்லாத மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னார். அப்போது சொல்லவில்லை. கைகளை மார்பில் கோத்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்துக் கிடந்தார்.

குழாய்களை இணைக்கும் முன் ஒரு வழக்கம் உண்டு. கருவி பொருத்தியபோதே, வெளியே நீண்டிருக்கும் குழலில் தோலை ஒட்டி மார்க்கரால் ஒரு கோடு போட்டிருப்பார்கள். கதவு மூடும் முன் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். அன்று பணியில் இருந்த இயற்பியலாளர் குனிந்து பார்த்தார், அளவுகோலை எடுத்தார். 8 மி.மீ. கோடு வெளியே வந்திருந்தது. மாலைக்குள் முடித்தாக வேண்டிய அவசரம். அடுத்த நோயாளி நடைக்கூடத்தில். அவர் அளவுகோலை எடுக்காமல் இருந்திருக்கவும் கூடும். வழக்கம் என்பது அலுப்பைத் தாண்டியும் செய்யப்படும்போதுதான் வழக்கம். அந்த வகையில் அந்த மனிதர் அன்று தம் வேலையைச் செய்தார்.

மருத்துவர் வந்தார். எட்டு வாரக் கணக்கில் இனி அதிக நாள் மிச்சமில்லை, ஒத்திப்போட விரும்பவில்லை. வலிக்கு ஊசி போட்டு, துணியைப் பிரித்து, கருவியைச் சரிசெய்து, மறுபடி துணி திணித்து, மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு. மாலை ஆறரை ஆயிற்று. அந்த நேரம் முழுவதும் அவர் வாயைத் திறக்கவில்லை. அன்றைய செவிலியருக்குக் கோட்டயம் சொந்த ஊர், தமிழ்நாட்டில் படித்தவர், மலையாளம் தோய்ந்த தமிழ் பேசுவார். எல்லாம் முடிந்து கட்டை அவிழ்க்கும்போது அவர் கேட்டார்.

“அம்மா, உள்ளே எறங்கினது உங்களுக்குத் தெரிஞ்சதா?”

“தெரிஞ்சுது.”

“பின்ன ஏன் சொல்லல?”

“அசையக்கூடாதுன்னு சொன்னாங்களே. நான் அசையல தாயி. சத்தியமா அசையல.”

கேட்ட கேள்விக்கு இது விடை அன்று. கேட்காத ஒரு குற்றச்சாட்டுக்கு விடை. ஏன் அப்படி ஆயிற்று என்பதை அந்தச் சொல்லின் இலக்கணத்திலேயே காணலாம். தமிழில் ‘அசைதல்’ தன்வினை, ‘அசைத்தல்’ பிறவினை. மரம் அசைந்தது, காற்று அசைத்தது. மருத்துவமனை வேண்டுவது ‘கருவி அசையக்கூடாது’ என்பது. அங்கே எழுவாய் கருவி. அசைப்பவர் யாராகவும் இருக்கலாம்: நோயாளி, விரிப்பைத் தூக்குவோர், இறக்கிய கால், இருமல், நெகிழ்ந்த துணி. இத்தனையையும் மூன்றே அசைகளில் சுருக்கி ‘அசையாதே’ என்று முன்னிலையில் ஏவிவிட்டால், எழுவாய் படுத்திருப்பவராகிவிடுகிறார். அதன் பின் உள்ளே எது நகர்ந்தாலும் அவர் நகர்த்தியது என்று ஆகிறது. நகர்ந்ததைச் சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிறது. அறையில் இருந்த அத்தனை கருவிகளிலும் நழுவலை அது நிகழ்ந்த கணத்திலேயே உணர்ந்தது அவருடைய உடல் ஒன்றுதான். சாட்சியாக இருக்க வேண்டியவரை ஒரு வினைமுற்று எதிரியின் கூண்டில் ஏற்றிவிட்டது.

கன்னடத்துக்குப் பதில் தமிழில் சொல்லியிருந்தால் சரியாகியிருக்கும் என்று எண்ணத் தோன்றும். அதுவும் அரைகுறை உண்மை. மகள் தமிழில்தான் சொல்லியிருந்தார்: “ஆடாம அசையாம படும்மா, சீக்கிரம் முடிஞ்சிடும்.” அன்பான சொற்கள், எழுவாய் மட்டும் அதே. மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. பெங்களூரு, மும்பை, வேலூர் போன்ற இடங்களுக்கு எத்தனையோ மாநிலத்தார் வந்து குவிகிறார்கள், படிவங்களோ இரண்டு மொழியில். ஆனால் மூலவாக்கியமே தவறான ஆளைச் சுட்டும்போது, நல்ல மொழிபெயர்ப்பு அந்தத் தவற்றைத் திருத்தமாக மொழிபெயர்த்துக் கொடுக்கும். அவ்வளவே.

அந்த மௌனத்துக்கு மொழி மட்டுமே காரணம் என்பதும் இல்லை. கால்களை விரித்துத் தூக்கிக் கட்டிய நிலையில், முன்பின் தெரியாத ஆண்களும் வந்து போகும் அறையில், ஐம்பது வயதைக் கடந்த ஓர் ஊர்ப்பெண் ‘எனக்கு இங்கே இப்படி இருக்கிறது’ என்று சொல்லுவதற்கு எந்தச் சொல்லை எடுப்பார்? அந்த இடத்துக்கு அவரிடம் இருக்கும் சொற்கள் ஒன்று வசை, இல்லையேல் மூடுமந்திரம். வலியை வாய்க்குள் வைத்துக்கொள்வதே ஒழுக்கம் என்று மூன்று பிள்ளைப்பேறுகள் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தன. மருத்துவமனையும் அதே ஒழுக்கத்தையே பாராட்டியது. சத்தமில்லாதவர் நல்ல பேஷண்ட். இந்தப் பட்டத்தைக் கைவிட்டால் பல பிரிவுகளில் சிகிச்சையின் தரம் தானாகவே உயரும்.

அன்றிரவு மகளும் கேட்டார், ஏன் சொல்லவில்லை என்று. “நான் அசைஞ்சுட்டேன்னு திருப்பி அனுப்பிட்டா என்ன பண்றது கண்ணு? உனக்கு லீவு முடிஞ்சுபோச்சில்ல” என்றார். தொழிற்சாலையில் அந்த மாதம் மகளுக்கு ஒன்பது நாள் சம்பளம் பிடித்தம். அந்தக் கணக்கும் தாயோடு மேசைமேல் படுத்திருந்தது.

மூன்றாம் முறைக்கு முன் கோட்டயத்துச் செவிலியர் அரைமணி முன்னதாக வந்தார். முதுகில் ஊசி போடும் முன், அந்த அம்மா உட்கார்ந்திருந்தபோதே எதிரில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். படுத்திருப்பவரிடம் நின்றுகொண்டு பேசினால் எதுவும் ஏவலாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“அம்மா, கேளுங்க. பேசலாம். கையை ஆட்டலாம், தலையைத் திருப்பலாம். இருமல் வந்தா முதல்ல எங்ககிட்ட சொல்லிட்டு மெதுவா இருமுங்க. இடுப்பை மட்டும் தூக்காதீங்க, காலை மடக்காதீங்க. உள்ளே வச்சிருக்கிறது எறங்கினாலும் ஏறினாலும் வெளியிலேந்து எங்களுக்குச் சட்டுனு தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். தெரிஞ்சா உடனே கூப்பிடணும். நாங்க தூக்கி வைக்கும்போதுதான் அது நகரும். உங்க தப்பு இல்ல.”

“கட்டிலைத் தொடலாமா?” என்று கேட்டார் அந்த அம்மா.

செவிலியருக்கு முதலில் புரியவில்லை. கரண்ட் என்ற சொல் வெளியே வந்த பிறகு புரிந்தது. தொடலாம் என்றார், குழாயில் மின்சாரம் இல்லை, கம்பி நுனியில் சிறு மருந்துமணி போகிறது, வருகிறது என்றார். ஏழு வாரத்தில் யாரும் அவரிடம் சொல்லாத செய்தி அது. யாரையும் குறைசொல்ல முடியாது. அப்படியொரு கேள்வி அவருக்கு இருந்ததே யாருக்கும் தெரியாது.

அன்று ஸ்கேன் முடிந்து காத்திருந்தபோது, ஒரு மணி அளவில், அவர் கூப்பிட்டார். “தாயி, இங்க இழுக்குது.”

“எந்தப் பக்கம்மா?”

அவர் யோசித்தார். கண்ணால் கூரையையும் கதவையும் அளந்தார். “இங்க கிழக்கு எது?”

எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் செய்த ஆய்வைப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி வியப்பளிக்காது. நகரத்துத் தமிழர் இடம் வலம் என்பதை நாடும் இடத்தில், ஊர்ப்புறத்தார் மேசைமேல் இருக்கும் சிறு பொருளுக்குக்கூட வடக்கு தெற்கைச் சொல்வதை அவர் பதிவு செய்திருக்கிறார். ‘தெக்கால நகர்ந்து உக்காரு’ என்பது திண்ணைப் பேச்சு. ஆனால் நடைக்கூடத்தில் சன்னல் இல்லை. டிராலி எத்தனையோ முறை திரும்பியிருந்தது. இதுவரை அவர் எதையும் சுட்டிச் சொல்லாததற்கு, வெட்கத்தோடும் அச்சத்தோடும் இதுவும் ஒரு சிறு காரணமாக இருந்திருக்கலாம்: திசை தெரியாத இடத்தில் எதை எங்கே என்று சொல்வது? செவிலியருக்கும் கிழக்கு தெரியவில்லை. அந்தப் பக்கமாக வந்த இயற்பியலாளர் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்தார். தலை மேற்கே, கால் கிழக்கே.

“அப்ப தெக்கால,” என்றார் அந்த அம்மா.

மல்லாந்து படுத்தவருக்கு அது வலப்பக்கம். செவிலியர் போர்வையை விலக்கினார். சிறுநீர்க் குழாய் வலத்தொடைக்கு அடியில் மாட்டி இறுகியிருந்தது. எடுத்துவிட்டார். பிறகு அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள். மார்க்கர் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது.

“ஒண்ணுமில்லாததுக்குக் கூப்பிட்டுட்டேன்,” என்றார் அவர்.

“கூப்பிடுங்க,” என்றார் செவிலியர்.

சிகிச்சை மேசைக்கு மாற்றியபின் மீண்டும் ஒரு முறை அளந்தார்கள். கோடு மாறவில்லை. கதவு மூடியது. வெளியே மகள் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கோடு தைப்பவருக்கு நிமிடங்களை எண்ணுவது பழக்கம். பன்னிரண்டரை நிமிடம். முதல் முறையைவிட ஒன்றரை நிமிடம் கூடுதல். அம்மாவுக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டார்களோ என்று இயற்பியலாளரை வழிமறித்துக் கன்னடத்தில் கேட்டார். இரிடியம் ஏறத்தாழ 74 நாளில் பாதியாகத் தேய்கிறது, இரண்டு வாரத்தில் சற்றே வலுக் குறைந்திருக்கிறது, அதே அளவைக் கொடுக்க அதிக நேரம் நிற்கிறது என்றார் அவர். மகள் அதை ஏற்றுக்கொண்டார். மாலையானால் தன் கையும் அப்படித்தான் என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது தாய் கதவோரம் சாய்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். துணியை உருவி எடுத்ததைப் பற்றிப் பேசினார். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்ததாம். இத்தனை துணியா உள்ளே இருந்தது என்று செவிலியரிடமே கேட்டாராம்.

“என்ன துணிம்மா?” என்றார் மகள்.

“கொசுவலை மாதிரி. நைஸா இருந்துச்சு. நீ பாத்தா சொல்லிடுவே.”